அம்மாவும் இருபடிச் சமன்பாடும்

போன வாரம் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி தன் பேத்தியின் கணக்குத் தாளைப் படம் பிடித்துப் போட்டு, "யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். இருபடிச் சமன்பாடு. ஓய்வு பெற்ற வங்கி மேலாளரும் தலைமையாசிரியர்களும் போலீஸ்காரரும் இருக்கிற குழு அது. வழக்கமாகக் காலை வணக்கப் பூக்களையும் முழங்கால் வலிக்கான வைத்தியத்தையும் தவிர வேறொன்றும் வராது. அன்றைக்கு மட்டும் ஆளாளுக்கு விடை போட்டீர்கள். ஒருவர் விடை இன்னொருவர் விடையோடு சேரவில்லை. கடைசியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விட்டீர்கள்.

நான் ஒன்றும் எழுதவில்லை. கணக்கைப் பார்த்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. கைப்பேசியில் இரண்டு வரியில் முடிகிற சங்கதி இல்லை அது.

என் அம்மாவை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவள். முட்டை போடுகிற நாளில் "அத்தை, அத்தை" என்று குழைவீர்கள். மற்ற நாளில் சோத்துக்காரம்மா. அவள் என் அம்மா இல்லை என்பதுபோல நானும் வரிசையில் வந்து தட்டை நீட்டுவேன். என்னை அறியாதவள்போல அவளும் போடுவாள். சாம்பாரில் கிழங்கு மட்டும் எனக்கு ஒன்று கூடுதலாக விழும்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியாது. கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். மறுபடி எழுதுவதற்குள் கல்யாணமாகி, நான் பிறந்து, அந்தப் பேச்சே போய்விட்டது. நாம் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம்தான் அது திரும்பி வந்தது. சத்துணவு அமைப்பாளராக இருந்த அம்மாள் அந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறப் போகிறார், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் சமையல் உதவியாளருக்கே அந்த வேலையைக் கொடுப்பார்கள் என்று தெரிய வந்தது.

அமைப்பாளருக்கு நாற்காலி உண்டு. அரிசி அறையின் சாவி உண்டு. எல்லாவற்றையும்விட, அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை. நம் ஊர்ச் சாரலில் விறகு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜூன் பிறந்தால் ஒரு சுள்ளிகூடக் காயாது. அம்மா ஊதி ஊதி, கண் இரண்டும் கோவைப்பழமாகி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து விடாமல் இருமுவாள். தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர், புகையை விட்டு விலகாவிட்டால் நெஞ்சும் கண்ணும் இரண்டும் கெடும் என்று சொல்லிவிட்டார். அந்த நாற்காலி அவளுக்குக் கௌரவத்துக்காக வேண்டியிருக்கவில்லை, மூச்சு விடுவதற்கு வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஒரு பரிட்சை, அதில் போனால் மார்ச்சில் ஒன்று. அவ்வளவுதான் அவகாசம்.

அப்பா சீசனில் குற்றாலம் பேரருவிக்குப் போகிற பாதையில் துண்டும் நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் விற்பார். சீசன் முடிந்தால் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடை வேலை. எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனுஷன்.

"மகளும் பத்தாங் கிளாஸ், அம்மையும் பத்தாங் கிளாஸ். நான் எந்தக் கிளாஸ்ல சேரட்டும்?"

"நீங்க மொதல்ல ஒன்னாங் கிளாஸ்ல சேருங்க" என்றாள் அம்மா.

எங்கள் படிப்பு அடுக்களையில் நடந்தது. வீட்டில் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். சாரல் ஓட்டு இடுக்கு வழியாகவும் உள்ளே வரும். கொடியில் போட்ட பாவாடை நாள் கணக்கில் காயாமல் ஒரு வாடை அடிக்கும். அடுப்புக்கு எதிரே சிமெண்டுத் தரையில் சாக்பீஸால்தான் கணக்குப் போடுவோம். தரை நமுத்திருந்தால் சாக்பீஸ் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். அப்பா விற்காமல் கொண்டுவந்த சீயக்காய்ப் பொட்டலங்கள் மூலையில் கிடக்கும். இன்றைக்கும் சீயக்காய் வாசனை வந்தால் எனக்குக் காரணிப்படுத்துதல் ஞாபகம் வருகிறது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் சொல்லலாம்.

நம் கணக்கு சார் சொல்லிக் கொடுத்த முறையை அப்படியே அம்மாவுக்கு ஒப்பித்தேன். ஒரு பெருக்கல் குறி பெரிதாகப் போட வேண்டும். மேலே பெருக்கினால் வருவது, கீழே கூட்டினால் வருவது. இரண்டுக்கும் பொருந்துகிற இரண்டு எண்களை இடமும் வலமும் எழுத வேண்டும். அம்மா அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். தகராறு அதற்கு முந்தின படியில்தான்.

x² + 2x = 15 என்று தரையில் எழுதினேன்.

"எல்லாத்தையும் இந்தப் பக்கம் கொண்டாந்துட்டு அந்தப் பக்கம் சுழியமா விடணும்மா."

"வெறுஞ் சுழியமாவா?"

"ஆமா."

"எதுக்கு அப்படி? ஒன்னாவது இருக்கட்டும்ட்டி."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவள் விளையாடவில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதினால் ஐம்பத்தொன்று, நூற்றொன்று. ஐம்பதாகவோ நூறாகவோ எழுத அவளுக்குக் கை வராது. பானையில் அரிசி தீர்ந்தால் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்பாளே தவிர இல்லை என்று சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவளிடம் இருக்கிறதையெல்லாம் ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டு மறுபக்கத்தைத் துடைத்து வைக்கச் சொன்னால் எப்படி? அவள் x² + 2x − 14 = 1 என்று எழுதினாள். பிறகு பெருக்கினால் மைனஸ் பதினாலும் கூட்டினால் இரண்டும் வருகிற எண்களைத் தேட ஆரம்பித்தாள். சோறு கொதித்து, வடித்து, ரசம் வைத்து இறக்கிய பிறகும் தேடிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு ஜோடி முழு எண் கிடையாது.

"கெடைக்கலையே" என்றாள்.

"சுழியம்னு வைம்மா, கெடைக்கும்."

"ஏன்? சுழியத்துல மட்டும் என்ன இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. சார் வைக்கச் சொன்னார், நான் வைத்தேன். ஏன் என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை. "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்று கத்தினேன். தேறாத அம்மாவுக்குத் தேறாத வாத்தியார். இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அன்றைக்கு ரசம் இல்லாமல் சாப்பிட்டேன்.

ஜூலையில் பெருமழை பிடித்து ஒருநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அம்மா வழக்கம்போல விடியற்காலையிலேயே கூடத்துக்குப் போயிருந்தவள் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்ததால் அப்பாவும் வீட்டில் இருந்தார்.

"என்னட்டி, அரிசி வரலையா?"

"அரிசி கெடக்கு. பிள்ளையதான் வரல."

சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனவள் பாதியில் நின்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இங்கன வா. போன மாசம் ஒருநாள் சமைக்கல, ஞாபகம் இருக்கா? அன்னைக்குப் பிள்ளைய அத்தனையும் வந்துச்சு. லாரி வரல, அரிசி இல்ல."

"அதுக்கென்னம்மா?"

"இன்னைக்கு அரிசி இருக்கு, பிள்ளை இல்ல. அன்னைக்குப் பிள்ளை இருந்துச்சு, அரிசி இல்ல. பிள்ளையையும் தலைக்கு இவ்வளவு அரிசின்னும் பெருக்கித்தான சோறு? சோறே இல்லைன்னா ரெண்டுல ஒன்னு இல்லைன்னு அடிச்சுச் சொல்லிரலாம். இன்னைக்குக் கொஞ்சம் சோறு ஆக்குனேன்னு வையி. எத்தன பிள்ளை, தலைக்கு எவ்வளவுன்னு ஒனக்குச் சொல்ல முடியுமா? முடியாது. அதுக்குத்தான சுழியமா விடச் சொல்லுதான் புஸ்தகத்துல?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. (x + 5)(x − 3) = 0 என்றால் இரண்டு அடைப்பில் ஒன்று சுழியமாக இருந்தே தீர வேண்டும். அதனால்தான் விடை மூன்றும் மைனஸ் ஐந்தும். அதுவரை நான் கணக்கு சாரின் கையெழுத்தைத்தான் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அம்மாவுக்கு அதற்குப் பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. விடை கண்டதோடு விடமாட்டாள். இரண்டு விடையையும் சமன்பாட்டில் போட்டு, சுழியம் வருகிறதா என்று பார்ப்பாள். மூன்றைப் போடுவாள். ஒன்பதும் ஆறும் பதினைந்து, பதினைந்து போனால் சுழியம். மைனஸ் ஐந்தைப் போடுவாள். இருபத்தைந்தில் பத்துப் போய் பதினைந்து, பதினைந்து போனால் சுழியம். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்ட சங்கதிபோல, "பாத்தியா, இதுவும் சரியா வருது!" என்பாள். மொய்யில் சுழியத்துக்குப் பயந்தவள், சுழியம் வந்தால் அப்படிச் சிரித்தாள்.

"ஒரு கேள்விக்கு ரெண்டு பதிலா?" என்றார் அப்பா. "எங்க கடையில துண்டு வெலை கேட்டா ரெண்டு வெலை சொல்லிப் பாரு. கழுத்தப் பிடிச்சுத் தள்ளிருவான்."

"ரெண்டும் சரின்னா என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"ரெண்டும் சரின்னா ரெண்டும் தப்புன்னு அர்த்தம்."

ஆகஸ்டில் கணக்கு சார் சத்துணவுக் கூடத்துக்கு வந்தார். அம்மா பரிட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தானாகவே வந்தார். நல்ல மனுஷர், அதை மறுக்க முடியாது. நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ஒங்களுக்கு அல்ஜீப்ரா எதுக்கு? அதுல போயி மாட்டிக்கிடாதீங்க. ஹால்ல போய் உக்காந்த ஒடனே வரைபடத்தப் போடுங்க, அடுத்தாப்புல செய்முறை வடிவியல். வட்டம், தொடுகோடு. ரெண்டுலயும் மார்க்க அள்ளிக் குடுப்பான். மிச்சத்துக்குச் சின்னச் சின்ன கணக்கு. பாஸ் ஆயிரலாம்."

"சரி சார்" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து என் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து காம்பஸை எடுத்துப் பார்த்தாள். திருகு கழன்று, பென்சிலை நூலால் சுற்றி வைத்திருந்த காம்பஸ். தகரப் பெட்டி, மூடியின் உள்பக்கம் பெருக்கல் வாய்பாடு ஒட்டியிருக்கும். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். இப்போது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு வட்டமும் ஒரு தொடுகோடும் வரைந்தாள். "அளவு தெரிஞ்சா யாரும் கோடு போட்டுருவாங்களே" என்று மூடி வைத்துவிட்டாள்.

செப்டம்பருக்குள் முழுப் பாடத்தையும் முடிக்க வேண்டும் என்பதால் ஒரு கட்டத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். சார் நமக்குச் சூத்திரத்தைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் நடத்தினார். அம்மா அதற்கு முன்பே கைடு பார்த்து அதை மனப்பாடம் செய்துவிட்டாள். மைனஸ் பி, கூட்டல் அல்லது கழித்தல், வர்க்கமூலத்துக்குள் பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏ சி, எல்லாவற்றுக்கும் கீழே இரண்டு ஏ. வெங்காயம் நறுக்கிக்கொண்டே முணுமுணுப்பாள்.

பரிட்சை அன்று அப்பா அவளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துத் தென்காசிப் பள்ளி ஒன்றில் கொண்டுபோய் விட்டார். மத்தியானம் திரும்பி வந்தாள். சேலை மாற்றினாள், உலை வைத்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"விடையில மூனுக்கு வர்க்கமூலம் வருமாட்டி? வந்தா ஒத்துக்கிடுவாங்களா?"

"எங்களுக்கு இன்னும் நடத்தலையேம்மா" என்றேன்.

"சரி, விடு."

முடிவு வந்தது. அம்மா எண் இல்லை. அப்பா கடைவீதியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "ஹால்ல காத்தாடி ஓடலையாம், தலை சுத்திப் போச்சாம்" என்று சொல்லிக்கொண்டு அலைந்தார். சாரலடிக்கிற ஊரில் எவன் காற்றாடி கேட்டான்? ஆனால் அந்தப் பொய்யை அவர் எனக்காகவோ தனக்காகவோ சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. கணக்கு சார் மறுபடி வந்தார்.

"நான் சொன்னேம்லாம்மா. அல்ஜீப்ராவுல கைய வச்சிருப்பீங்க. அது எல்லாருக்கும் வராது. மனசு விடாதீங்க, மார்ச்ல பாத்துக்கிடலாம்."

"ஆமா சார்" என்றாள் அம்மா.

எனக்கு அவள்மீது கோபமும் பரிதாபமும் வந்தன. சார் சொன்னதுதான் சரி என்று நானும் நினைத்தேன். அடுக்களையில் அரிசியும் பிள்ளையும் வைத்துப் பேசுவது வேறு, பரிட்சை ஹாலில் போடுவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து வயதில் பெற்றவளை எடை போடுவது எவ்வளவு சுலபம்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் இருபடிச் சமன்பாடு கேட்கவில்லை. அடுப்பு எதிரே தரை சுத்தமாக இருந்தது. அப்பா சந்தையிலிருந்து வரும்போது கட்டம் போட்ட வரைபடத் தாள்களைச் சுருட்டிக் கொண்டுவருவார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா புள்ளி வைத்து வளைகோடு இழுப்பாள், வட்டம் போடுவாள், தொடுகோடு போடுவாள். போட்டு முடித்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் பள்ளியில் புகை குறையவில்லை. இருமலும் குறையவில்லை. ஒருநாள் கூடத்தில் அண்டாவை இறக்கும்போது கண் தெரியாமல் காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டாள். அந்த வாரம் உங்களுக்கு வேறொருத்தி சோறு போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது.

மார்ச்சில் நாம் எல்லோரும் எழுதிய அதே தாளை அவளும் வேறொரு பள்ளியில் உட்கார்ந்து எழுதினாள். அதில் ஓர் இருபடிச் சமன்பாடு வந்தது. சூத்திரத்தில் போட வேண்டிய கணக்கு. நான் போட்டேன், நீங்களும் போட்டிருப்பீர்கள். அடிக்கோடு இட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதைப் பற்றி எனக்கு வேறெந்த ஞாபகமும் இல்லை.

இரண்டு பேரும் தேறினோம். பள்ளி திறந்ததும் அம்மாவுக்கு ஆணை வந்தது. சாவி கைக்கு வந்த அன்று சாயங்காலம் அப்பா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு எங்களைப் பேரருவிக்குக் கூட்டிப் போனார். வருஷம் முழுக்க அருவிக்குப் பக்கத்திலேயே இருந்தும் அம்மா அருவியில் குளித்துப் பல காலம் ஆகியிருந்தது. பெண்கள் பக்கம் நெரிசலில் நின்று நன்றாகக் குளித்தாள். கரையேறி வந்து அப்பா கடைப் பலகையில் உட்கார்ந்து தலை துவட்டினாள். வெகு நாளைக்குப் பிறகு கண் வெள்ளையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன்.

"அந்த இருபடிச் சமன்பாட்ட எப்படிம்மா போட்ட?"

"போடல."

"ஏம்மா, தெரியலையா?"

துண்டை உதறி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா ஒரு வெளியூர்க்காரரிடம் எண்ணெய் விலை பேசிக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர்லயும் ஒன்னு வந்துச்சு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு எக்ஸ் கூட்டல் ஒன்னு. பெருக்கல் குறி போட்டு எண்ணத் தேடுனேன், ஆப்பிடல. சூத்திரத்துல போட்டேன். ரெண்டு கூட்டல் மூனுக்கு வர்க்கமூலம்னு வந்துச்சு. இப்படி ஒரு விடையான்னு நம்ப முடியல. எடுத்து உள்ள போட்டுப் பாத்தேன். மொதல்ல தப்பாப் போச்சு. மறுபடி போட்டேன். பாதியில வர்க்கமூலம் ரெண்டு எடத்துல வந்து, ஒன்ன ஒன்னு அடிச்சுக்கிட்டு போயிருச்சுட்டி. மிச்சம் ஏழு, மைனஸ் எட்டு, ஒன்னு. சுழியம்."

அவள் விரல் பலகையின்மேல் தானாக எழுதிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"பொறவு கழித்தல் உள்ள விடையப் போட்டேன். அதுவும் போயிருச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிட்டு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பெல் அடிச்ச பொறவுதான், வரைபடத் தாளையே கேட்டு வாங்கலைங்குறது ஞாபகம் வந்துச்சு."

"அப்பத் தெரிஞ்சுதான ஃபெயிலான? சார்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? நல்லா இருந்துச்சு சார், அதான் ஃபெயிலாயிட்டேன்னா?"

"சரி, இந்தத் தடவ? இதுவும் ஒனக்குத் தெரிஞ்ச கணக்குதானம்மா?"

"தாளத் திருப்புன ஒடனே கண்ணுல பட்டுச்சு. நல்ல கணக்கு" என்றாள் அம்மா. "அதுல எறங்குனா நான் ஏற மாட்டேன்னு எனக்குத் தெரியும்லா. கையால மறைச்சுக்கிட்டு வரைபடத்தப் போட்டேன்."